'அதர்ஸ்'ல கொட்டிக் கெடக்குற டிக்கெட் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரில ஐடி ஹெல்ப்டெஸ்க் பாக்குறேன். யூசர் 900 பேர், நாங்க 6 பேர். யூசரோட பிரச்சனைய டிக்கெட்டா பதிவு பண்ற டிராப்டவுன்ல 214 கேட்டகிரி இருக்கு, பழைய வெண்டர் வெச்சுட்டுப் போனது. யாரும் தேடிப் பாக்கறதில்ல, பாதிக்கு மேல 'அதர்ஸ்'லதான் விழுது. ஒரு வாரத்துல புது லிஸ்ட் குடுனு மேனேஜர் சொல்லிட்டார். எத்தன வெக்கலாம், எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: லிஸ்ட் எழுத உக்காராதீங்க தம்பி, முதல்ல அந்த அதர்ஸத் தொறங்க. கடைசி 3 மாசத்துல அதுல விழுந்ததெல்லாம் எக்செல்ல எடுத்து ஒரு 300 டிக்கெட்டாவது கண்ணால படிங்க, சப்ஜெக்ட் மட்டும் இல்ல, க்ளோஸ் பண்ணவர் கடைசில என்ன எழுதிருக்கார்ங்கற வரைக்கும். ரெண்டு நாள் போகும், போகட்டும், ஒரு வாரம் பத்தலனா மேனேஜர்கிட்ட இன்னொரு வாரம் கேட்டு வாங்குங்க. படிச்சா தெரியும், ஜனங்க சொல்றது 'நெட் வரல', 'மெயில் போகல', 'லாகின் ஆகல', 'சிஸ்டம் ஹேங் ஆகுது', அவ்ளோதான். ஆனா உங்க மாதிரி பழைய லிஸ்ட்ல இருக்கறது 'எண்ட் யூசர் கம்ப்யூட்டிங்', 'நெட்வொர்க் சர்வீசஸ்'. ஸ்டோர்ஸ்ல உக்காந்திருக்கறவருக்கு ஸ்விட்ச் போச்சா டிஎன்எஸ் போச்சானு எப்படித் தெரியும்? தெரியாதத அவர்கிட்ட கேட்டா அதர்ஸத்தான் அமுக்குவார், அது அவர் தப்பு இல்ல.

நான் வேல பாத்த ஒரு எடத்துல நடந்தத சொல்றேன். திங்கக்கிழம காலைல டெஸ்பாட்ச்லேருந்து ஃபோன், பார்கோடு லேபிள் வரல, கேட்ல 4 லாரி நிக்குது. முதல்ல ஃபோன் எடுக்குற எல்1 பையன் 'ஹார்டுவேர் – ப்ரின்டர்'னு போட்டான், அது நேரா ப்ரின்டர் வெண்டருக்குப் போச்சு, அவங்க ஆள் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து ரிப்பன மாத்தி ஹெட்டத் தொடச்சு டெஸ்ட் ப்ரின்ட் எடுத்துக் காட்டிட்டுப் போயிட்டார். டெஸ்ட் ப்ரின்ட் வருது, லேபிள் வரல. அப்பறம் டெஸ்க்டாப் டீம், அப்பறம் ஆர்டர், ஸ்டாக் கணக்கு ஓடுற ஈஆர்பி சாஃப்ட்வேர் டீம், கடைசில பாத்தா ப்ரின்ட் சர்வர்ல, ப்ரின்டருக்குப் போறத வரிசைல வெச்சு அனுப்புற ஸ்பூலர் சர்வீஸ் ஹேங் ஆகிக் கெடக்கு, ரீஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷம். ஆனா டிக்கெட் க்ளோஸ் ஆனது 'ஹார்டுவேர் – ப்ரின்டர்'லயேதான், யாரும் மாத்தல. வருஷம் பூரா இதே கதை. வருஷக் கடைசி ரிப்போர்ட்ல ப்ரின்டர்தான் பெரிய பிரச்சனைனு வந்துச்சு, மேனேஜ்மென்ட் அத நம்பி புது ப்ரின்டர் வாங்குனாங்க, ஸ்பூலர் மறுபடியும் ஹேங் ஆச்சு. அன்னிக்கு லேபிளுக்காக வெயில்ல காத்துக் கெடந்த டிரைவருங்க மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல.

அதனால ரெண்டு எடம் வேணும். தொறக்கும்போது போடுறது யூசர் கண்ணுக்குத் தெரியறது, க்ளோஸ் பண்ணும்போது போடுறது இன்ஜினியர் கண்டுபிடிச்ச காரணம். முதலாவது டிக்கெட்ட சரியான ஆள்கிட்ட அனுப்ப, ரெண்டாவது மாசக் கடைசில எண்ணிப் பாக்க. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட அப்டேட் ஒண்ணால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் ப்ளூ ஸ்க்ரீனோட நின்னுச்சுனு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னாங்க. 'லேப்டாப் ஆன் ஆகல'னு அந்த டிக்கெட்டத் தொறந்தா சரிதான், ஆனா லேப்டாப்னே க்ளோஸும் பண்ணிட்டா அந்த மாச ரிப்போர்ட்ட பாக்கறவங்க லேப்டாப்பெல்லாம் பழசாயிடுச்சுனு நெனப்பாங்க.

எண்ணிக்கைக்கு வர்றேன். மேல் படில 8, மிஞ்சிப் போனா 10, ஃபோன்ல பேசிக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணாம கண்ணுல படணும். சர்வீஸ்டெஸ்க் ப்ளஸ், ஃப்ரெஷ்சர்வீஸ் ரெண்டும் நம்ம சென்னைல வளந்த டிக்கெட் சாஃப்ட்வேர், ரெண்டுலயும் கேட்டகிரி, சப்-கேட்டகிரி, ஐட்டம்னு மூணு படி இருக்கு, இருக்கேனு மூணையும் ரொப்பாதீங்க, படிக்கு பத்துனா 1000 வழி ஆயிடும். உங்க 6 பேருக்கு ரெண்டு படி போதும். ஒவ்வொரு வரிக்கும் கேளுங்க, இது இருந்தா டிக்கெட் வேற ஆள்கிட்ட போகுமா, இல்ல இத எண்ணிப் பாத்து யாராவது ஒரு முடிவு எடுப்பாங்களா? ரெண்டும் இல்லனா தூக்கிடுங்க. மானிட்டர் எந்த கம்பெனிங்கறதெல்லாம் அசெட் லிஸ்ட்ல இருந்தா போதும்.

அதர்ஸ மட்டும் தூக்காதீங்க. தூக்குனா அவசரத்துல லிஸ்ட்ல முதல்ல இருக்கறத அமுக்குவாங்க, எது தப்பா விழுந்துச்சுனு கண்டுபிடிக்கவே முடியாது. மாசம் ஒரு தடவ அதப் படிங்க, ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தா அதுக்கு ஒரு வரி போடுங்க. பழைய 214ஐ டெலீட் பண்ணாம இன்ஆக்டிவ் பண்ணுங்க, இல்லனா போன வருஷ ரிப்போர்ட் கையவிட்டுப் போயிடும்.

கேள்வி: ஜிஎம் டிக்கெட்டுக்கு 'விஐபி'னு தனி கேட்டகிரி போடலாமானு மேலிடத்துல கேக்குறாங்க. – வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா. என்ன பிரச்சனைங்கறதுக்கு கேட்டகிரி, எவ்ளோ சீக்கிரம்ங்கறதுக்கு ப்ரையாரிட்டி, அது எத்தன பேருக்கு பாதிப்பு, எவ்ளோ அவசரம்னு ரெண்டையும் வெச்சு வரணும். ஜிஎம்முங்கறது அவரோட யூசர் ப்ரொஃபைல்ல இருக்கட்டும். விஐபினு போட்டீங்கனா அவருக்கு மெயில் போகலயா நெட் வரலயானே தெரியாமப் போயிடும்.

கேள்வி: புது லேப்டாப் வேணும், ஃபோல்டர் அக்சஸ் வேணும்னு வர்றதும் அதே லிஸ்ட்லதானா? – வாசகர், மதுரை

பதில்: தனியா வைங்க. ஐடி சர்வீஸ் எப்படி நடத்தணும்னு சொல்ற ஐடிஐஎல் வழிகாட்டிலயே முன்னாடி கேக்கறது (ரிக்வெஸ்ட்), கெட்டுப்போனது (இன்சிடென்ட்) ரெண்டையும் ஒண்ணாத்தான் வெச்சிருந்தாங்க, 2007ல வந்த மூணாவது வெர்ஷன்லதான் ரிக்வெஸ்ட்ட தனியாப் பிரிச்சாங்க. கேக்கறதுக்கு ஒருத்தர் அப்ரூவல் குடுக்கணும், கெட்டுப்போனதுக்கு யார் அப்ரூவலும் வேண்டாம், உடனே சரி பண்ணணும். 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்'னா ரிக்வெஸ்ட். சரியான பாஸ்வேர்ட் போட்டும் உள்ள விடலனா அது இன்சிடென்ட், அதுவும் காலைல ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது பத்து பேர் சேர்ந்து சொன்னா டிக்கெட் போட்டுட்டு காத்திருக்காதீங்க, சர்வர் டீமுக்கு நேரா ஃபோன் அடிங்க.