பக்கத்துத் தெருப் பிள்ளைக்காக யாரிடம் பேசுவது? கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் படிப்பு, பாதுகாப்பு என்று பதினெட்டு ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறேன். "ஒரு பிள்ளைக்காக யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்களா? எழுதுங்கள்" என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்திருக்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர். கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். இதற்கு மேல் எங்களுக்கு அதிகாரம் ஏதாவது இருக்கிறதா? (ஒரு தாய், பாலக்கோடு பக்கம்)

இருக்கிறதம்மா. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ஐப் படித்துப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். தீர்மானம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தலைவலி என்று மேசையில் படுத்துவிடுவார்கள். மாதத்தில் மூன்று நான்கு நாள் வரவே மாட்டார்கள். படிப்பில் நாட்டமில்லை என்று வீட்டிலும் சொன்னார்கள், பள்ளியிலும் சொன்னார்கள். ஒருநாள் புங்கமரத்தடியில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள், கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலையிலிருந்து யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலிக்குக் காரணம் அதுதான்.

நானே கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டியிருக்கலாம். ஒரு அம்மா பணம் தரவும் தயாராக இருந்தார். ஆனால் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதினோம்: இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைத்தொட்டி, உள்ளேயே குழாய். நாம் வாங்கி மாட்டினால் அடுத்த வருஷம் அது கழன்று விழும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது. தீர்மானம் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாக்கள் முதல் வேலையாகப் போன மாதத் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. இப்போது அங்கே கூட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பேர் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஜூனில் திரும்பி வந்தால் பாதிப் பேர் பள்ளிப் பக்கமே போவதில்லை. என்ன செய்யலாம்? (இளைஞர் மன்றத்தினர், ஊத்தங்கரை)

மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும் நாளிலேயே பிள்ளையின் படிப்பும் நின்றுபோகிறது. அதனால் கிளம்பும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். டிசம்பரிலேயே வீடு வீடாகப் போய், யார் எந்த ஊர்ச் சூளைக்குப் போகிறார்கள், எந்தப் பிள்ளை கூடப் போகிறது, எத்தனையாம் வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எண்) என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டில் விட்டுப்போக வழி இருந்தால் அதைப் பேசிப் பாருங்கள். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் ஒரு பெண் பிள்ளையை விட்டுப்போகத் தாய் பயப்படுவது நியாயம்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ இடம் கேளுங்கள்.

கூடப் போகும் பிள்ளைகளை, சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் உடனே சேர்க்கலாம். டிசி கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது. அது 14-ஆவது பிரிவு. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த ஊர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நீங்களே ஃபோன் செய்து, இன்ன சூளையில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பெயர்ப் பட்டியலோடு ஃபோன் வந்தால் அவர்களாலும் தட்ட முடியாது.

திரும்பி வந்ததும் ஐந்தாம் வகுப்பு வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். வெட்கத்திலேயே அது நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்பது 4-ஆவது பிரிவு.

கேள்வி: பக்கத்துத் தெருவில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். சொந்தக்காரர்கள். நான் சொன்னேன் என்று தெரிந்தால் முகத்தில் விழிக்க முடியாது. (பெயர் வேண்டாம்)

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் செய்யுங்கள். காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், உங்கள் பெயர் வெளியே வராது. நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்; அவரிடமும் சொல்லலாம். பெண்ணின் வயது, படிக்கும் பள்ளி, கல்யாணம் எங்கே, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்பதைச் சொன்னால் போதும். நீங்களே அந்த வீட்டுக்குப் போய் வாதாடாதீர்கள். விஷயம் தெரிந்துவிட்டது என்றால் முகூர்த்தத்தை முன்னால் இழுத்து வேறு ஊர்க் கோயிலில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு பிள்ளை கைநழுவிப் போயிருக்கிறாள். இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கல்யாணத்தை நிறுத்திய மறுநாளிலிருந்துதான் உங்கள் உதவி அவளுக்கு ரொம்பத் தேவைப்படும். ஊர் அவளைத்தான் குறை சொல்லும். வகுப்பாசிரியரிடம் பேசி, ஒரு வாரத்துக்குள் பள்ளிக்குப் போக வையுங்கள். அம்மாவிடம் கடன், செலவு பற்றிப் பேசுங்கள். பெரும்பாலும் பயம் அங்கேதான் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலிருந்து இருக்கிறது. "இவள் சம்பந்தப்பட்ட பணம் இவள் கணக்குக்கே வரும்" என்று சொல்லும்போது சில அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாலை நேர வகுப்பு எடுக்கிறேன். ஒரு பிள்ளை, தன்னிடம் உறவுக்காரர் ஒருவர் தவறாக நடப்பதாகச் சொன்னது. குடும்ப மானம், வெளியே சொல்லாதே என்கிறார்கள். (தன்னார்வலர்)

சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி, தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் தராமல் இருப்பதே குற்றம். 1098-க்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ இன்றே சொல்லுங்கள்.

பிள்ளையிடம் "நீ சொன்னதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் துருவிக் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியர் முன்னால் ஒரு தடவை, ஊர்ப் பெரியவர் முன்னால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை. வாக்குமூலம் வாங்கப் பிள்ளை இருக்கும் இடத்துக்கே அதிகாரி வரலாம், சீருடையில் வரக்கூடாது. இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. பஞ்சாயத்து பேசி முடிக்க எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: மகனை ஆசிரியர் பிரம்பால் அடித்துவிட்டார். கேட்டால் மார்க்கைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம்.

பயம் புரிகிறது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி தடை. முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், அதே வகுப்பின் இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அசையவில்லை என்றால் கல்வித் துறையின் 14417-இல் புகார் சொல்லலாம்.

கேள்வி: அப்பா இறந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். அவன் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. "பள்ளிக்கு வா" என்று எந்த வாயால் சொல்வது? (ஓர் ஆசிரியர்)

வெறும் வாயால் சொல்ல முடியாதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது. கணவரை இழந்த தாயின் பிள்ளை, பள்ளியை விடாமல் இருக்க மாதம் 4,000 ரூபாய் தரும் நிதி ஆதரவுத் திட்டம், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு. இறப்புச் சான்று, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பிள்ளையின் வங்கிக் கணக்கு எல்லாம் சேர்க்கவே இரண்டு மாதம் ஓடிவிடும். அந்தத் தாய்க்குக் கூலியை விட்டு அலுவலகம் அலைய முடியாது. யாராவது ஒருவர் கூட அலைய வேண்டும். தாய்க்கு விதவை உதவித்தொகைக்கும் அதோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள். பணம் வரும் வரை அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துப் போடுவோம். ஒரு டீச்சர் கோபித்துக்கொண்டார். தப்பா?

கொடுப்பது நல்லது. வரிசையில் நிற்க வைத்து, நோட்டைக் கையில் பிடிக்க வைத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். தன் வகுப்புப் பையன் அந்தப் படத்தைப் பார்த்துக் கேலி செய்தான் என்று ஒரு பிள்ளை என்னிடம் அழுதிருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகள் என்றால் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படியே குற்றம். கணக்குக் காட்ட வேண்டுமானால் நோட்டு அடுக்கைப் படம் எடுங்கள், ரசீதை வையுங்கள்.

கேள்வி: சங்கமாகப் பதிவு செய்தால்தான் இதெல்லாம் செய்ய முடியுமா?

வேண்டியதில்லை. மனு கொடுக்கவும் 1098-க்குப் பேசவும் பதிவு எதற்கு? வெளியாரிடம் பணம் வாங்கத் தொடங்கினால் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும்.

கேள்வி: கிராம சபையில் ரோடு, தண்ணீர், விளக்கு தவிர எதுவும் பேச விடுவதில்லை. பிள்ளைகள் விஷயத்தை எப்படிக் கொண்டுபோவது? (வார்டு உறுப்பினர், பென்னாகரம் பக்கம்)

வருஷத்தில் ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1-ஐக் குறி வையுங்கள், பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும். "குழந்தைகள் நலம்" என்று பொதுவாகப் பேசினால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். "எங்கள் ஊராட்சியில் ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. அதில் நான்கு பேருக்கு மலையடிவாரத்திலிருந்து பஸ் இல்லை. காலை எட்டு மணிக்கு ஒரு பஸ் விடக் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்" என்று பேசுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் ஊராட்சித் தலைவர்தான் தலைவர். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று மரியாதையாகக் கேளுங்கள். அன்றைக்கு அந்த நான்கு பிள்ளைகளின் அம்மாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் வரை எழுந்து வராதீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலோடு அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பஸ் டிப்போவுக்கு எப்போது போகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் வருகிறேன்.