மாரி காலத்திலும் மாதம் 100 கிலோமீற்றர் சைக்கிள் சவாலை விடாமல் தொடர்வது எப்படி?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார். சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் மாதாமாதம் வரும் கிரான் ஃபொண்டோ சவாலை, அதாவது ஒரே ஓட்டத்தில் 100 கிலோமீற்றர், ஜூலையிலிருந்து விடாமல் ஓடி வருகிறாராம். இனி மாரி. நவம்பர், டிசம்பரில் தொடர் அறுந்துபோகாமல் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். சில வருடமாக இங்கேயே மாரியிலும் ஓடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தெரிவு செய்வது. ஓடுகிற ஆட்களில் அரைவாசிப் பேர் மாதக் கடைசி ஞாயிறு வரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஓகஸ்ட்டில் அப்படி இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. நவம்பரில் அந்த ஞாயிறுதான் வாசலில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். குடாநாட்டை வெள்ளத்தில் போட்ட புயல்களை யோசித்துப் பாருங்கள். 2008இல் நிஷா வந்தது நவம்பர் கடைசி. 2020இல் புரவி வந்தது டிசம்பர் தொடக்கம். 2024இல் பெங்கல், மறுபடி நவம்பர் கடைசி. ஆகவே நவம்பர் ஓட்டத்தை முதல் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பருக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அந்த மாதத்தின் முதல் கிழமையை நம்பி ஒன்றும் திட்டம் போட முடியாது. வானம் வெளித்தால் ஓடுங்கள், இல்லாவிட்டால் பதறாமல் நத்தார் விடுமுறை வரை பொறுங்கள். ஒக்டோபர் வேறு மாதிரி. அந்த மாதத்து மழை அனேகமாகப் பின்னேரத்தில் இடி மின்னலோடு வரும், காலை நன்றாகவே இருக்கும். விடிய ஐந்து மணிக்கு இறங்கினால் மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகினால் வளிமண்டலவியல் திணைக்களம் சில நாளுக்கு முன்பே சொல்லிவிடும். எல்லாரும் அது எப்போது வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது அது எப்போது போகிறது என்பதை. ஒன்று போய் அடுத்தது வருவதற்கிடையில் ஒன்றிரண்டு நாள் வெயில் எறிக்கும். அந்த நாள் வேலை நாளாக இருந்தால் லீவு போடுங்கள், வெட்கப்படவேண்டாம். கலியாணவீட்டுக்கு லீவு போடுகிறோம்தானே. இன்னொன்று, நம் நாட்டில் மாதம் தவறாமல் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை இருக்கிறது. ஞாயிறு தவறினாலும் கையில் ஒரு நாள் மிஞ்சும். போயாவன்று முகில் இல்லாவிட்டால் விடியப்புறத்தில் நிலவு மேற்கே நின்று வெளிச்சமும் தரும்.

அடுத்தது காற்று. நான் மழையைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். நீங்கள் ஜூலையில் தொடங்கியவர், சோழகத்துக்குப் பழகியிருப்பீர்கள். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு எதிரே முதலில் போய், திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். மாரியில் அப்படியே மாறிவிடும். வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறார்களே, அந்தக் காற்றுத்தான். அதனால் மாரியில் பருத்தித்துறைப் பக்கம் முதலில் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் வரை தோட்டமும் வீடும் மறைப்புத் தரும். வல்லை வெளிக்கு இறங்கியதும் ஒரு மறைப்பும் இல்லை. தொண்டமானாற்று ஏரித் தண்ணீரைத் தடவிக்கொண்டு காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். அந்த இடத்தில் கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து, வேகம் 14, 15க்கு இறங்கினாலும் பரவாயில்லை என்று மிதியுங்கள். நெல்லியடி வந்தால் மறுபடி வீடுகள். பருத்தித்துறையில் ஒரு பிளேன்ரீயும் ரெண்டு தட்டைவடையும். பிறகு வீடு வரை காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் போய்வந்தாலும் அது 70க்குள்தான். மிச்சத்துக்கு எங்கே போவது என்பதில்தான் நவம்பரும் ஜனவரியும் வேறுபடுகிறது.

ஜனவரியில் பருத்தித்துறையிலிருந்து திரும்பாமல் வடமராட்சி கிழக்கால் நாகர்கோவில், மருதங்கேணி போய், புதுக்காட்டுச் சந்தியில் ஏ9 கண்டி வீதியில் ஏறி, பளை, கொடிகாமம், சாவகச்சேரி வழியாக வரலாம். 100ஐத் தாண்டும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மணலும் பனையும், அந்த வீதியில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. நவம்பரில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம். தண்ணீர் நிற்கும், ரயர் வெடித்தால் உதவிக்கு ஒரு ஓட்டோ கூடக் கிடைக்காது.

நவம்பருக்கு என்னுடைய தெரிவு வலிகாமம். யாழ்ப்பாணம், கோப்பாய், புத்தூர், அங்கிருந்து சுன்னாகம், பிறகு காங்கேசன்துறை வீதியால் திரும்பி யாழ்ப்பாணம். ஒரு சுற்று 30க்கும் 35க்கும் இடையில் வரும். மூன்று சுற்று ஓடி, குறைகிற கொஞ்சத்தை ஊருக்குள் சுற்றினால் கணக்கு முடிந்தது. ஏன் அங்கே என்றால், அது செம்மண். கீழே சுண்ணக்கல். பெய்த மழையை நிலம் உறிஞ்சிவிடும், வீதி கெதியாய்க் காயும். கடலேரிக் கரையோரத்து நிலம் அப்படியில்லை, அராலிப் பக்கமோ செம்மணி வெளியோ ஒருக்கால் நிரம்பினால் வடிய நாளெடுக்கும். அதோடு இந்தச் சுற்றில் எந்த இடத்தில் நின்றாலும் வீடு பதினைந்து கிலோமீற்றருக்குள். மழை இறுகினால் ஒரு சுற்றோடு வீட்டுக்குள் ஏறிவிடலாம், உடுப்பு மாற்றிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கும் இறங்கலாம். போனில் ஓட்டத்தை முடிக்காமல் வைத்திருந்தால் ஸ்ட்ராவா அதை ஒன்றாகவே எடுக்கும். அறுபதில் சார்ஜ் போய், பிறகு புதிதாய்த் தொடங்கி நாற்பது ஓடினால் அது இரண்டு ஓட்டம், 100 ஆகாது. ஆகவே பவர்பாங்க் இல்லாமல் மாரியில் இறங்கவேண்டாம். போனையும் பவர்பாங்கையும் சொப்பிங் பையில் சுற்றி முதுகுப் பக்கத்தில் வையுங்கள்.

ஒரே வீதியில் மூன்று தரம் சுற்றுவது அலுப்பு என்று சொல்வீர்கள். அலுப்புத்தான். நீர்வேலியில் வாழைக்குலை விற்கிற ஆச்சி இரண்டாம் சுற்றில் ஒரு மாதிரிப் பார்ப்பார். புத்தூரில் ஒரு தேநீர்க்கடை ஐயா கொட்டுகிற மழைக்குள் என்னைக் கண்டுவிட்டு, "தம்பி, ஆரும் மோசம் போட்டினமோ? இந்த மழைக்க சைக்கிளில ஓடி வாறியள்?" என்று, ஏதோ செத்தவீட்டுச் செய்தி என நினைத்துப் பதறிப்போய்க் கேட்டார். இல்லை ஐயா, சும்மா ஓடுறன் என்றேன். சும்மாவோ என்று திரும்பிக் கேட்டுவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுத் தந்தார்.

தீவுப்பகுதியை மாரியில் தவிர்க்கச் சொல்வேன். பண்ணைப் பாலமும் பொன்னாலைப் பாலமும் கடலுக்குள் போட்ட வீதிகள், பக்கக் காற்று ஆளையே சரிக்கும். அதைவிட மோசம், காற்றில் பறக்கிற உப்புத்தண்ணீர். மழைத்தண்ணீர் பட்ட செயினைத் துடைத்து எடுத்துவிடலாம், உப்புப் பட்டால் அடுத்த நாளே செம்மஞ்சளாய்க் கறள் பிடித்து நிற்கும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, ஒரு வட்டமாய் வர ஆசையிருந்தால் காற்று அடங்கட்டும். பூநாரைகளும் அப்போது கடலேரியில் நிற்கும், நின்று பார்க்க நேரமும் இருக்கும்.

வீதியில் கவனிக்கவேண்டியவை சில. தண்ணீர் நிற்கிற இடத்தில் ஓரமாய்ப் போகாதீர்கள், கிடங்கும் வாய்க்காலும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். பின்னால் வாகனம் இல்லையென்று பார்த்து நடுவால் போங்கள். ஏ9இல் விடியப்புறம் நாலரையிலிருந்து ஆறரை வரை இருக்கவேண்டாம், கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் யாழ்ப்பாணம் பிடிக்கப் பறக்கிற நேரம் அது. மாடுகள் வேறு தார் வீதியில் படுத்துக் கிடக்கும். மார்கழியில் திருவெம்பாவை நாட்களில் ஊர் வீதிகளில் சங்கும் சேமக்கலமுமாய்ப் பொடியள் விடியமுன்னமே திரிவார்கள், லைற்றும் பெல்லும் வேண்டும். காற்றடித்த அடுத்த நாள் வீதி முழுக்கப் பனையோலை. கருக்குமட்டை ரயரைக் கிழித்தால் ஒட்டுப்போட்டு மாளாது. உடைமுள்ளும் அப்படித்தான், ஈரத்தில் ரயருக்குள் இலேசாய் இறங்கும். மழைக்குள் நின்று ஒட்டுப்போட்டால் பசை பிடிக்காது. அதனால் புது ரியூப் இரண்டு எடுத்துப்போங்கள், ஒட்டுகிற வேலையை வீட்டில் பாருங்கள்.

குளிரைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஜனவரி விடியலிலும் 22, 23 பாகைதான். ஆனால் நனைந்த பருத்தி உடுப்போடு வாடைக்கு எதிரே ஒரு மணித்தியாலம் ஓடினால் நடுங்கும். பருத்தியை விட்டுவிட்டு, கெதியாய்க் காய்கிற ரீசேர்ட் போடுங்கள். முழு மழைக்கோட் உள்ளே வேர்த்து அதைவிட நனைக்கும். ஹெல்மெற்றுக்குள் ஒரு தொப்பி போட்டால் கண்ணாடியில் மழை விழாது. முன்னும் பின்னும் முழு மக்காட் பூட்டுங்கள். பந்தயச் சைக்கிளுக்கு அழகில்லை என்பார்கள், சொல்லட்டும். சாப்பாட்டுக்குப் பனங்கட்டியும் வறுத்த கச்சானும் போதும். தாகம் தெரியாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் விடாதீர்கள். ஒரு போத்தலில் ஜீவனி, அதாவது நீரிழப்புக்குக் குடிக்கிற உப்புத் தூள், கரைத்துக்கொள்ளுங்கள்.

தொடர் அறுவதற்கு நான் கண்ட பெரிய காரணம் ஓட்டம் முடிந்தபிறகு நடப்பது. நனைந்து வந்து சைக்கிளை விறாந்தையில் சாத்திவிட்டுக் குளித்துப் படுத்துவிடுகிறோம். அடுத்த மாதம் எடுத்தால் செயின் இறுகி, பிறேக் கத்தி, கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு நாள் என்பார்கள். அந்த இரண்டு நாளில் வெயில் எறித்துவிட்டுப் போய்விடும். ஆகவே குளிக்க முன் சைக்கிளைக் குளிப்பாட்டுங்கள். நல்ல தண்ணீரால் மெதுவாய்க் கழுவி, செயினைப் பழந்துணியால் பிடித்துப் பெடலைப் பின்னால் சுற்றுங்கள். துணி கறுப்பாய் வருவது நிற்கும்வரை சுற்றவேண்டும். பிறேக் கட்டைகளில் செம்மண் குழைந்து ஒட்டியிருக்கும். அதை ஊசியால் கிண்டி எடுக்காவிட்டால் அரத்தால் அராவுவதுபோல் றிம்மைத் தின்னும். பிறகு சீற் கம்பியைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாய்ப் பிடியுங்கள். இரும்புச் சட்டமென்றால் உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகும், நம்பமாட்டீர்கள். கடைசியாய் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாய் இறுகிவிடும். எஞ்சின் ஒயில் மண்ணை இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, மழையில் கழுவுப்பட்டுவிடும், ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் விடுவதென்றால் அதுவே நல்லது.

இதையெல்லாம் செய்தும் நவம்பர் தவறினால்? இங்கிலாந்தில் ஓடாக்ஸ் யூகே அமைப்பு மாதாமாதம் குறைந்தது 200 கிலோமீற்றர் ஓடும் சவால் ஒன்றை நடத்துகிறது. குறித்த நேரத்துக்குள் ஓடவேண்டும், தொடர்ந்து 12 மாதம். டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணித்தியாலம் கூட இல்லை, ஓட்டத்தில் ஒரு பங்கு இருட்டில். நமக்கோ மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலம். அவர்களுடைய விதியில் எனக்குப் பிடித்தது, எந்த மாதத்திலும் தொடங்கலாம் என்பது. நம் ஊரில் இதை வசதியாய்ப் பயன்படுத்தலாம். ஜனவரியில் எண்ணத் தொடங்குகிறவருக்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் கடைசியில் வந்து நிற்கும், அங்கே தவறினால் ஒன்பது மாத உழைப்பும் போச்சு. நவம்பரில் தொடங்குகிறவர் தவறினால் இழப்பது ஒரே ஒரு மாதம், டிசம்பரில் புதிதாய் எண்ணலாம். இந்த மாரியில் உங்களுடைய தொடர் அறுந்தால் அடுத்த மாதத்தையே முதலாம் மாதமாக வையுங்கள். வெள்ள எச்சரிக்கை போட்ட நாளில் மட்டும் ஸ்ட்ராவாப் பதக்கத்துக்காக இறங்காதீர்கள்.

பெப்ரவரிக்கு 28 நாள்தான், ஆனால் வருடத்திலேயே ஓட நல்ல மாதம் அதுதான். காற்றுத் தணிந்திருக்கும், வெயில் இன்னும் சுடத் தொடங்காது. விடியலில் பனி மூட்டம் இருந்தால் ஏழு மணி வரை பொறுத்து, ஏ9ஆல் ஆனையிறவு தாண்டிப் பரந்தன் போய், அங்கிருந்து பூநகரிக்குத் திரும்பி, சங்குப்பிட்டிப் பாலத்தால் நாவற்குழிக்கு வாருங்கள். இந்தப் பக்கமாய்ச் சுற்றினால் பரந்தனிலிருந்து பூநகரி வரை மிச்சமிருக்கிற வாடையும் முதுகில் இருக்கும். பரந்தனில் இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொள்ளுங்கள், பூநகரி வரை கடைகள் குறைவு.