காய்கறிச் செடிக்கு நுண்ணூட்டம் (துத்தநாகம், இரும்பு, போரான் மாதிரி கொஞ்சமாகவே தேவைப்படும் சத்து) கொடுத்தால் விதையின் முளைப்பு கூடுமா?

கூடும். ஆனால் முளைக்கிற எண்ணிக்கையைவிட, முளைத்த நாற்றின் திடத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் எங்கள் கொல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிதான் வைக்கிறோம். விதையை வீட்டிலேயே எடுப்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கம்.

முளை விடும் விதை, முதல் வேர் மண்ணில் ஊன்றும் வரை தன்னிடம் இருப்பதைத்தான் தின்று வளர வேண்டும். அந்தத் துத்தநாகம், இரும்பு எல்லாம் தாய்ச்செடி சேர்த்து வைத்தது. செடி பசியில் கிடந்தால் விதைக்கு எங்கிருந்து வரும்? போரான் குறைந்தாலோ மகரந்தக் குழாயே சரியாக வளராது, விதை பிடிப்பதே குறைந்துவிடும். கார மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிட்டாது. அதனால் நான் விதைக்கென்று விட்ட செடிகளுக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், இலை கருகாமலிருக்க 2.5 கிராம் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிக்கிறேன்.

விதையை ஊறவைப்பது வேறு கதை, அங்கேதான் அடிபட்டேன். தெளிக்கிற அளவையே இரட்டிப்பாக்கி, லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். பாத்தியில் கால்வாசிகூட எழவில்லை. எழுந்ததிலும் வேர் நுனி பழுத்துக் கிடந்தது. அந்த வருஷ விதை அத்தனையும் போச்சு, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இப்போது லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் போவதில்லை. ஊறியதும் கழுவி நிழலில் உலர்த்திவிடுவேன்.

அப்புறம், வெறும் தண்ணீரில் ஊறினாலே விதை சீக்கிரம் முளைக்கும். அதை மருந்தின் பலன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊறாதது, தண்ணீரில் ஊறியது, கரைசலில் ஊறியது என்று மூன்று ஈரத்துணியில் நூறு நூறு விதை வைத்து, 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எண்ணுங்கள். சான்று விதைக்கு, அதாவது தரம் சோதித்துச் சான்று கொடுத்த விதைக்கு, கத்திரியில் குறைந்தது 70 சதவீதம் முளைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் விதை ஏற்கெனவே 90 வந்தால், நுண்ணூட்டம் அந்த எண்ணைப் பெரிதாக ஏற்றாது.

60-க்குக் கீழே வந்தால் முதலில் காயைப் பாருங்கள். மஞ்சளாகப் பழுக்காத காயில் எடுத்த விதைக்கு எந்த நுண்ணூட்ட உப்பும் உதவாது.