இரண்டாம் வகை நீரிழிவு உறுதியாகிவிட்டது. உணவையும் அன்றாட வாழ்க்கையையும் எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

நீரிழிவு என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே எதை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி எனக்கும் இருந்தது. அன்று என் எச்பிஏ1சி, அதாவது இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, 8.4 விழுக்காடு. அது 6.5 ஆனாலே நீரிழிவு என்பதும், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் மருத்துவன் அல்லன். என் அனுபவத்தையும், மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் நான் செய்தவை பெரும்பாலும் தவறுகளே. சர்க்கரை நோய் என்றால் சர்க்கரையை விட்டால் போதும் என்று எண்ணி, இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டுப் பழச்சாறு குடித்தேன். சர்க்கரை சேர்க்காதது என்று அச்சிட்ட பிஸ்கட்டுகளை மனச்சாட்சி உறுத்தாமல் தின்றேன். தட்டில் இருந்த மாவுச்சத்தின் அளவைத் தொடவே இல்லை. குளுக்கோமீட்டரில் எண் குறையவில்லை என்றதும் எதிர்த்திசையில் பாய்ந்து, ஒருநாள் காலை உணவையே தவிர்த்தேன். எனக்குக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளுள் ஒன்று, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததன் பலனாக, பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, அளந்து பார்த்தபோது 62 காட்டியது (அளவுகள் யாவும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்). 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஆகவே உணவைக் கணிசமாகக் குறைக்கும் முன், உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

என் யோசனை இதுதான்: இனிப்புப் பானங்களை இன்றே நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் ஒரு வாரம் வழக்கம்போலவே சாப்பிடுங்கள், ஆனால் அளந்து எழுதி வையுங்கள். சர்க்கரை 300ஐ ஒட்டி, ஓயாத தாகமும் எடைக் குறைவும் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சிகிச்சையில் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மற்றவர்கள், சாப்பிடத் தொடங்கும் முன் ஒருமுறையும், முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளந்து, என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால், எந்த உணவு தம்மை எவ்வளவு உயர்த்துகிறது என்பது ஐந்தாறு நாட்களில் தெளிவாகிவிடும். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லாத எண்கள், இப்படி இணையாக எழுதும்போது பேசத் தொடங்குகின்றன.

என் குறிப்பேடு எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றுள் முதலாவது, தீட்டிய தானியத்தை விட்டு முழுத் தானியத்துக்கு மாறுவதால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது என்பது. அதே அளவு சாப்பிட்டவரை, இரண்டு மணி நேர எண்ணில் சிறு வேறுபாடே தெரிந்தது. அளவைப் பாதியாக்கியபோதுதான் எண் இறங்கியது. பாதியாக்கினால் பசிக்கும் என்பதால் தட்டின் ஒரு பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கைப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதத்துக்கும் ஒதுக்கினேன். காய்கறிக் கணக்கில் உருளைக்கிழங்கைச் சேர்க்காதீர்கள். அது மாவுச்சத்துப் பக்கத்தைச் சேர்ந்தது. சாப்பிடும் வரிசையும் முக்கியம்: காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, தானியத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், அதே உணவுக்கே ஏற்றம் குறைகிறது. எனக்கு இது ஏறக்குறைய 30 புள்ளி வேறுபாட்டைத் தந்தது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மீட்டர்தான் சொல்ல வேண்டும். பழத்தைச் சாறாக்காமல் முழுதாக, அளவோடு சாப்பிடுகிறேன்.

இரண்டாவது பாடம் நடை. உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளக்கூடியது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று எண்ணிப் பாருங்கள். அதனால் விடியற்காலை ஒருமணி நேர நடை என்ற பெரிய திட்டத்தைக் கைவிட்டு (நான் அதை ஒன்பது நாட்கள்தான் கடைப்பிடித்தேன்), ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் நடக்கத் தொடங்கினேன். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற பொதுப் பரிந்துரை அதிலேயே நிறைவேறிவிடுகிறது. வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்றைக் கண்டு நீங்கள் மனம் உடைந்துபோகக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரவு குறைவாகச் சாப்பிட்டுப் படுத்தாலும், காலையில் வெறும் வயிற்று எண் உயர்ந்தே இருக்கும் நாட்கள் வரும். விடியும் வேளையில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிடுவதே காரணம். முந்தைய இரவு நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்று பொருள் அல்ல. என் விஷயத்தில் உணவுக்குப் பிந்தைய எண்கள் முதலிலும், வெறும் வயிற்று எண் எடை குறைந்த பிறகுமே வழிக்கு வந்தன.

எடையைப் பற்றி: பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், நோய் கண்டறிந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே கொடுத்து, பின்னர் படிப்படியாக வழக்கமான உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலேயே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களிடையே அது 86 விழுக்காடு. இதைக் குணமடைதல் என்று சொல்வதில்லை, தணிவு என்றே சொல்கிறார்கள்; எடை திரும்பினால் நோயும் திரும்பும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அத்தகைய உணவுமுறையை முயலவும் கூடாது. நான் ஏழு கிலோதான் குறைத்தேன். ஒரு மாத்திரை நின்றது, மெட்ஃபார்மின் தொடர்கிறது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தூக்கம் குறையும் நாட்களில் என் எண்கள் ஏறுகின்றன. விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்துவிட்டுத்தான் பலருக்கும் வெளிப்படுகிறது என்பதால், நோய் தெரிந்தவுடனேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். பாத உணர்வு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் அத்துடன் பார்த்துவிடுங்கள்.

அடுத்த எச்பிஏ1சியை ஒரே மாதத்தில் எடுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், இன்று செய்யும் மாற்றம் அந்த எண்ணில் முழுமையாகத் தெரிய மூன்று மாதம் ஆகும். என் 8.4, முதல் மூன்று மாதத்தில் 7.3 ஆனது, 6.6க்கு வர மேலும் ஓராண்டு பிடித்தது. அந்த மூன்று மாதக் குறிப்பேட்டை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். என் மருத்துவர் மாத்திரையைக் குறைத்தது அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான்.