‘விலைதான் காரணம்’ என்றால் அடுத்து என்ன கேட்பது?

சந்தை ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசியே காலத்தை ஓட்டியவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஆன்லைன் வியாபாரத்தைச் சுற்றியே இருக்கின்றன.

இளம்பிள்ளையில் சொந்த வெப்சைட் வைத்துப் புடவை விற்கிறோம். ஒருமுறை எங்களிடம் வாங்கியவர்கள் அடுத்த தடவை அமேசானுக்கோ மீஷோவுக்கோ போய்விடுகிறார்கள். ஏன் என்று கூகுள் ஃபார்ம் அனுப்பிக் கேட்டோம். எல்லாரும் ‘விலை’ என்று டிக் அடித்திருக்கிறார்கள். இன்னும் குறைத்தால் எங்களுக்குக் கட்டாது. என்ன செய்வது அக்கா?
(வாசகி, இளம்பிள்ளை)

விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், சகோதரி. ‘விலை’ என்பது யாரையும் புண்படுத்தாத பதில். ‘உங்கள் புடவை முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டது’ என்று கடைக்காரரிடமே சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு மனசு வரும்? டிக் அடித்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று போய்விடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏன் வாங்கினோம் என்பது வாங்கியவருக்கே சரியாகத் தெரியாது. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1977-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர். காரணம் கேட்டால் ஏதேதோ சொன்னார்களே தவிர, வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆப்பில் மேலே வந்ததைத் தட்டிவிட்டு ‘நல்லா இருந்துச்சு, வாங்கினேன்’ என்று சொல்வதும் இந்த ரகம்தான்.

அதனால் ‘ஏன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘கடைசியாக என்ன வாங்கினீர்கள்? அந்த ஆர்டரைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்’ என்று ஆரம்பியுங்கள். போன் கையில் வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். யார் வீட்டு விசேஷத்துக்கு வாங்கியது, முதலில் எங்கே கண்ணில் பட்டது, எந்தெந்த ஆப்பில் பார்த்தார்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக் கேட்டார்கள், பார்சல் வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள், பணம் யார் கொடுத்தது என்று வரிசையாகப் போங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு அக்காவிடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ‘எனக்கு விலைதாம்மா முக்கியம்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், அதே காட்டன் புடவை இன்னொரு ஆப்பில் எண்பது ரூபாய் குறைவாக இருந்திருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் கூடுதல் விலைக்கு வாங்கியிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டெலிவரி முகவரியை மட்டும் காட்டி, ‘இது யார் கடைங்க?’ என்றேன். மெயின் ரோட்டில் இருக்கும் டெய்லர் கடை. அந்த ஆப்பின் டெலிவரி பையன் அங்கே கொடுத்துவிட்டுப் போவானாம். விலை குறைந்த ஆப்பில் வாங்கினால் ‘பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கங்க’ என்று போன் வருமாம்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். பால் சொசைட்டியில் வரும் காசில் வாங்குகிறார். யூபிஐயில் போட்டால் வங்கியில் இருந்து மெசேஜ் வீட்டுக்காரர் போனுக்குப் போகும். கேஷ் ஆன் டெலிவரி இருந்தால் டெய்லர் கடையிலேயே பணத்தைக் கொடுத்து வைத்துவிடலாம். 2010-ல் ஃப்ளிப்கார்ட் இந்த வசதியைக் கொண்டு வந்தபோது, கார்டு இல்லாதவர்களுக்கும் ஆன்லைனை நம்பாதவர்களுக்கும் என்று சொன்னார்கள். இன்று பூக்காரம்மாவிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. ஆனாலும் கேஷ் ஆன் டெலிவரி போகவில்லை. அதற்கு இந்த மாதிரிக் காரணங்களும் உண்டு. எந்த ஃபார்மில் இதற்கு ஒரு கட்டம் போடுவீர்கள்?

நீங்கள் பேச வேண்டியவர்கள், உங்களிடம் முன்பு வாங்கிவிட்டுச் சமீபத்தில் வேறு இடத்தில் வாங்கியவர்கள். ஒரு வருடத்துக்கு முன்பு வாங்கியதைக் கேட்டால் கதைதான் கிடைக்கும். கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களையும் விடாதீர்கள். முக்கியமாக, நீங்களே போய் உட்கார வேண்டாம். முதலாளி எதிரே இருந்தால் வாய் கட்டிக்கொள்ளும். கடைக்குச் சம்பந்தமில்லாத, நன்றாகக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒரு சொந்தக்காரப் பெண்ணை அனுப்புங்கள். ‘எதுவும் விற்க வரவில்லை’ என்று வாசலிலேயே சொல்லிவிடட்டும்.

ஆன்லைனில் மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதுதான் என் எம்பிஏ ப்ராஜெக்ட் மேடம். எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்? கைடு 200 பேர் என்கிறார்.
(வாசகர், சென்னை)

எத்தனை சதவீதம் பேர் என்று சொல்ல வேண்டுமானால் கைடு சொல்வதைக் கேளுங்கள், தம்பி, அது சர்வே. என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பேர் வேண்டாம். அப்பி கிரிஃபின், ஜான் ஹவுசர் இருவரும் 1993-ல் எழுதிய கட்டுரையில், ஒரே வகை வாடிக்கையாளர்களில் 20 முதல் 30 பேரிடம் நன்றாகப் பேசினாலே அவர்களுடைய தேவைகளில் 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ‘ஒரே வகை’ என்பதைக் கவனியுங்கள். ஐடி கம்பெனி மேன்ஷன் பையன்களையும் பேரன் மூலம் ஆர்டர் போடும் தாத்தாக்களையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டு 30 என்று எண்ணக் கூடாது. முதலில் பேட்டி, அதில் வந்த காரணங்களை வைத்து சர்வே. இப்படிப் போனால் கைடும் சந்தோஷப்படுவார்.

பேட்டி எடுக்க வீட்டுக்குப் போனால் மாமியார், கணவர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவர்களே பதில் சொல்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
(வாசகி, மதுரை)

விரட்ட முடியாது. முதல் பத்து நிமிடம் அவர்களையே பேச விடுங்கள்; யார் ஆப்பைத் திறக்கிறார், யார் ‘வேண்டாம்’ என்கிறார் என்பதும் உங்களுக்குச் செய்திதான். அப்புறம் ‘வாங்கினதைக் காட்டுறீங்களாங்க?’ என்று கேளுங்கள். பீரோ உள் அறையில்தானே இருக்கும். முக்கால்வாசிப் பேட்டி அங்கேதான் நடக்கும். ரெக்கார்டரை ஒளித்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அனுமதி கேட்டு, மேஜைமேல் வையுங்கள்.

‘அன்றே டெலிவரி கொடுத்தால் எங்களிடம் வாங்குவீர்களா?’ என்று கேட்கலாமா?
(வாசகர், ஈரோடு)

கேட்கலாம். எல்லாரும் ‘ஆமாம்’ என்பார்கள். அதை நம்பி வண்டி வாங்காதீர்கள். ‘போன தடவை பார்சல் வர எத்தனை நாள் ஆச்சு, அதனால் என்ன கஷ்டம் வந்துச்சு?’ என்று கேளுங்கள். ஒரு கஷ்டமும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு எங்கள் கடைக் கூப்பன் கொடுக்கலாமா? அப்படியே ஒரு ரிவ்யூவும் போடச் சொன்னால் என்ன?
(வாசகர், திருப்பூர்)

கூப்பன் கொடுத்தால் ‘கடைசியில் விற்கத்தான் வந்தார்கள்’ என்று ஆகிவிடும். கவரில் பணமாகக் கொடுங்கள், இல்லையென்றால் போன் ரீசார்ஜ் செய்துவிடுங்கள். எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். குறை சொன்னாலும் அதே தொகைதான் என்பதையும் சேர்த்தே. ரிவ்யூ பேச்சே எடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரவிதியே கொண்டு வந்திருக்கிறது. பேட்டிக்கான கவரையும் ரிவ்யூவையும் ஒரே நாளில் கையாண்டால், நான் அதற்குக் கொடுக்கவில்லை என்று யாரிடம் போய் விளக்குவீர்கள்?