போஷகரும் பொன்னாடையும்

(கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் திருகோணமலை நண்பர் இந்த மாதமும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் வரலாற்று வட்டத்துக்கு ஆரம்பம் முதல் ஒரே தலைவர்தான். வருகிற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவரை மாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வட்டத்தை உண்டாக்கியவரே அவர்தான். இறக்குவது மரியாதைக்கேடு இல்லையா? – வாசகர், உவர்மலை

யாப்பை, அதாவது வட்டத்தின் விதிக்கோவையை, எடுத்துப் பாருங்கள். பதவிக்காலம் எழுதியிருந்தால் பேச்சே இல்லை. எழுதியிராவிட்டால் இந்தக் கூட்டத்திலேயே அதற்கு ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள். அப்போது ஆளைப் பற்றிப் பேசாமல் வருடத்தைப் பற்றிப் பேசலாம். கூட்டத்துக்கு முந்திய கிழமை இரண்டு பேர் பெரியவரின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துத்தான் அவருக்குத் தெரியவருகிறது என்றால், அதுதான் மரியாதைக்கேடு.

‘போஷகராக்கிவிடுவோம்’ என்று யாராவது எழும்பிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதவியில் பெரிய நம்பிக்கை கிடையாது. நம் ஊரில் போஷகர் என்றால் அழைப்பிதழில் ஒரு பெயர், முன்வரிசையில் ஒரு கதிரை, அவ்வளவுதான். மனிதருக்கு வேலை கொடுங்கள் ஐயா. பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் மீன் சின்னமும், மன்னன் குளக்கோட்டனின் கோயில் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கதையை அங்கேயே நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். தலைமைக் கதிரையில் இருந்து கூட்டறிக்கைக்குக் கையொப்பம் போடுவதைவிட அந்த வேலை அவருக்குப் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வரலாற்றில் பட்டம் இல்லாதவர் தலைவராகலாமா? – மாணவர், நிலாவெளி

ஆகலாம். கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்கி, இரண்டு பேராசிரியர்மார் மோதினால் நடுவில் இருந்து சிரிக்கத் தெரிந்தால் போதும். படித்தவர்களை மலர் வெளியீட்டுக் குழுவில் போடுங்கள். நிர்வாகத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரும், கிண்ணியா அல்லது மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரும் இருப்பது அதைவிட முக்கியம். பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது, அங்கே கிடைத்தவை தமிழ்க் கல்வெட்டுகள். ஒரு மொழி மட்டும் தெரிந்த குழு அங்கே போய் என்ன செய்யும்?

விருது பெறுகிறவர்களே பொன்னாடையையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்களாமே? – வாசகர், சீனக்குடா

நிறம் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயமாக இருக்கும்.

எங்கள் வட்டம் முதன்முறையாக விருது கொடுக்கப்போகிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருடைய பெயரில் கொடுக்கலாம்? – வாசகி, மூதூர்

பெயருக்குப் பஞ்சமில்லை, தங்கச்சி. ‘திருக்கோணாசல வைபவம்’ எழுதிய அகிலேசபிள்ளை நம் ஊரவர். 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் நம் ஊரவர்தான். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் அந்தப் புத்தகத்தை எழுதியவரின் பெயரை இன்றைக்கு நம் பிள்ளைகளிடம் கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு விருதில் போட்டால் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒலிவாங்கியில் ஒலிக்கும்.

யாருக்கு என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். பிரதம விருந்தினருக்கு விருது, அவரோடு வந்தவருக்கு விருது, மண்டபம் தந்தவருக்கு விருது. தேடினவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. 1950இல் கோணேசர் கோயிலடிக்குக் கிட்ட நகரசபைக்காகக் கிணறு தோண்டியபோதுதான் புதைந்திருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. 1956இல் சுவாமி மலையடிக் கடலுக்குள் இறங்கி எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயிலின் இடிபாடுகளைக் கண்டது உலகத்துக்கே தெரியும். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

ஆகவே ஒரு விருதையாவது கண்டெடுத்து அறிவித்தவருக்கு ஒதுக்குங்கள். வயலில் எழுத்துக் கல்லைக் கண்டு, அதை வாசற்படியாக்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்ன விவசாயி இருந்தால் அவர்தான் முதல் ஆள். அப்புறம், யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் உங்கள் ஊரில் எத்தனை வீட்டுப் படங்களும் காணி உறுதிகளும் போயிருக்கும்? மிஞ்சியதை ஸ்கேன் பண்ணத் தந்த குடும்பத்துக்கு ஒன்று கொடுங்கள். கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேர்ட் நொக்ஸ் பற்றி மூதூரில் சொல்லும் கதைகளைத் தன் அப்பம்மாவிடம் கேட்டுப் பதிவுசெய்து வரும் மாணவிக்கும் ஒன்று. பணமாகக் கொடுத்தால் நல்லது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடிக் கேடயத்தைவிட ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி உதவும்.

தெரிவுக் குழுவில் இருப்பவரின் உறவினருக்கு அந்த வருடம் இல்லை என்று யாப்பில் ஒரு வரி சேருங்கள். ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

புதிய செயலாளராக ஏகமனதாகத் தெரிவாகிவிட்டேன். முதல் வேலை என்ன? – வாசகர், தம்பலகாமம்

ஏகமனதாக என்றால் வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். வாழ்த்துக்கள்.

நாளைக்கே ஒரு கொப்பியோடு பழைய செயலாளரின் வீட்டுக்குப் போங்கள். கூட்டறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் பட்டியல், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், பிரதேச செயலகப் பதிவுச் சான்றிதழ், மின்னஞ்சலின் பாஸ்வேர்ட், அலுமாரித் திறப்பு எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் செயலாளர் காலமான பிறகு, அவர் வீட்டு ரங்குப்பெட்டியில் இருந்ததை எல்லாம் பிள்ளைகள் பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அது சங்கத்தின் சொத்து என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

வங்கியில் கையொப்பம் மாற்றப் புதிய நிர்வாகத் தெரிவைச் சொல்லும் கூட்டறிக்கையின் பிரதியைக் கேட்பார்கள். பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், வரிசை நீளம்.