எஞ்சினுக்குள் கிடைத்த துண்டு எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

நாகர்கோவிலில் 26 ஆண்டுகளாக எஞ்சின் வேலை பார்க்கிறேன். இந்த முறை பலரும் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள்: எஞ்சினைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு துண்டு கிடக்கிறது, அது என்ன? பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். கிடைத்ததை எறிந்துவிடாதீர்கள். அதன் இடம் எது என்று தெரியும்வரை சாவியைத் திருப்பாதீர்கள்.

தக்கலை: அண்ணாச்சி, 11 வருடப் பெட்ரோல் கார். ஆயில் கசிவுக்காக எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை, அதாவது சேம்பரைக் கழற்றினோம். சுண்டுவிரல் நகம் அளவில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்படியே மாட்டிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதிலுள்ள பிளாஸ்டிக் சூட்டில் காய்ந்து ஒடிந்து உள்ளே விழுவதுண்டு. கம்பி முழுதாக இருந்தால் சந்தேகம் டைமிங் செயின் கைடு மீது போகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றும் செயினைத் தடம் விலகாமல் தாங்கும் பட்டை அது. துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு முகத்தில் மட்டும் செயின் உரசிய தடம் இணைகோடாகத் தெரிந்தால் அது கைடுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி சலசலத்து அடங்கியதா என்றும் யோசியுங்கள். செயின் தளர்ந்து பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும். செயின், கைடு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மீதித் துண்டுகள் ஆயில் உறிஞ்சும் வலையில் சிக்கியிருக்கும். அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

குலசேகரம்: அப்பா வைத்திருந்த அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். சேம்பரில் பிறை போல வளைந்த மெல்லிய தகடு கிடந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் இரண்டு பள்ளக்கோடு. இது எதில் உள்ளது?

இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி. அது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் த்ரஸ்ட் வாஷர். அந்த எஞ்சினில் கிராங்கைத் தாங்கும் நடு மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது அதன் வேலை. தேய்ந்து மெலிந்ததும் பிடிமானம் விட்டுக் கீழே விழுந்திருக்கிறது.

எஞ்சினை ஓட்டாமலே சோதிக்கலாம். சேம்பரை மாட்டும் முன் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும். நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் புல்லி முன்னே வந்து பின்னே போவது கண்ணுக்கே தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான கார்களில் இந்த நகர்வு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வந்துவிட்டால் கிராங்க் நேரடியாகப் பிளாக்கில் உரசத் தொடங்கியிருக்கும். அந்த உரசலோடு ஓட்டினால் வாஷரோடு தீர வேண்டிய வேலை பிளாக்கையே லேத் பட்டறைக்குத் தூக்க வைக்கும். மாட்டும்போது பள்ளக்கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டி ஆயில் போகாமல் கெட்ட எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சிப்பாறை ஏற்றத்தில் கிளட்சிலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த வாஷரைத் தின்பது அதுதான்.

குளச்சல்: பிளக் மாற்றும்போது சின்ன நட்டு ஒன்று சிலிண்டருக்குள் விழுந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் புகையோடு வெளியே போய்விடும் என்கிறார்கள்.

போகாது. இரும்பு நட்டு உள்ளே உருகவும் செய்யாது. பிஸ்டனையும் வால்வையும் குத்திக் கிழிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காந்தக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியே இறக்குங்கள். கிடைக்காவிட்டால் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இரணியல்: சேம்பரில் கிடைத்த உலோகத் துணுக்கு எதைச் சேர்ந்தது என்று எப்படி அறிவது?

முதலில் காந்தம் காட்டுங்கள். ஒட்டாமல் வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியம். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையைச் சந்தேகியுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங். காந்தத்தில் ஒட்டி, முறிந்த இடம் சர்க்கரைப் பொடி போல மினுங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். ஆயில் பில்டரையும் அறுத்து, காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் நடந்தது அங்கே படிந்திருக்கும்.

திங்கள்சந்தை: ஆயில் விளக்கு எரிந்ததால் சேம்பரைத் திறந்தோம். வலை முழுக்கச் சிவப்பு ரப்பர் நூல். எந்தப் பாகம் கிழிந்தது?

எதுவும் கிழியவில்லை. முன்பு சேம்பர் மாட்டியவர் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். போல்ட்டை இறுக்கியதும் உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து அறுந்து வலையை அடைத்துவிட்டது. 3 மில்லிமீட்டர் கோடு போதும். விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று எழுதவில்லையே? கொஞ்சம் ஓடியிருந்தாலும் ஒரு பேரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

கருங்கல்: வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். கார் ஒன்றரை வருடம் நின்றது. ஏர் பில்டர் பெட்டியில் தேங்காய் நார், புன்னைக்காய். எஞ்சினுக்குள் போயிருக்குமா?

எலி கூடு கட்டியிருக்கிறது. பில்டர் காகிதத்தை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். எங்கும் ஓட்டை இல்லை என்றால் பெட்டியைத் துடைத்து, புதுப் பில்டர் போட்டால் போதும். கடித்த ஓட்டை இருந்தால் குழாயைக் கழற்றி, காற்றை அளந்து விடும் திராட்டில் வரை பாருங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேனும் திடமாகத் தட்டி நின்றால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.